வலப்பக்கம் திரும்பும்போது

ஆவுடையப்பன் கார் வேலை கற்றுக்கொள்ள வந்தபோது அவருக்கு வயது ஐம்பது. கற்றுக்கொடுத்த முப்பிடாதிக்கு முப்பத்தாறு.

சங்கரன்கோவிலுக்கு வெளியே, ராஜபாளையம் போகும் சாலையில் இருந்தது பட்டறை. தகரக் கூரை. இரண்டு கார் நிற்க இடம். நடுவில், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம். முப்பிடாதி பதினாறு வயதுப் பெண்ணாக ஒரு டிராக்டர் பட்டறையில் நட்டும் போல்ட்டும் கழுவிக் கொடுக்கப் போனவர். இப்போது சொந்தப் பட்டறை வைத்திருந்தார். ஊரில் எல்லோரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆவுடையப்பனும் அப்படியே கூப்பிட்டார். மேஸ்திரி அவரை அண்ணாச்சி என்றார்.

ஆவுடையப்பன் இருபத்தாறு வருடம் தீப்பெட்டி ஆலையில் மிஷின் ஓட்டியவர். ஆலையை மூடிவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு வேலை சொல்லித் தருவீங்களா?"

மேஸ்திரி எதையோ மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இந்த வயசுல தப்பு பண்ணினா வெக்கமா இருக்குமே. பரவாயில்லையா?"



"வீட்டுல சும்மா இருக்கதுதான் எனக்கு வெக்கமா இருக்கு."

"அப்ப அந்தத் துணிய எடுங்க" என்றார் மேஸ்திரி.

அது நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோதுதான் காதர் மைதீன் பாயின் கார் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது. டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார்கள்.

காதர் மைதீன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்பு பஸ் படியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரால் உட்கார முடியாது. சாய்ந்து படுக்கத்தான் முடியும். அதற்காக அவர் மகள் ஷம்ஷாத் காரின் முன்பக்கத்து இடது சீட்டைக் கழற்றிவிட்டு, தச்சரை வைத்து ஒரு சாய்வுப் பலகை போட்டு, மேலே மெத்தை தைத்து வைத்திருந்தாள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதில் அவரைப் படுக்கவைத்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அவளே ஓட்டிப் போவாள்.

அப்படிப் போய்த் திரும்பும்போது வழியில் தண்ணீர் வற்றி இஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது. நல்ல வெயில். இரண்டு மணி நேரம் அவர் அந்தப் பலகையிலேயே கிடந்திருக்கிறார்.

மேஸ்திரி இஞ்சினைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"இது இனி ஆகாது. வேற இஞ்சின்தான் போடணும்."

"அக்கா, அடுத்த ஞாயித்துக்கிழம கடையநல்லூர்ல கல்யாணம்" என்றாள் ஷம்ஷாத். "எங்க மாமி மக. மாமி இறந்துட்டாங்க. வாப்பாதான் அவளுக்கு எல்லாம். அதுக்குள்ள ஆயிருமா?"

"பாப்போம்."

மேஸ்திரி மதுரைக்குப் போனார். பின்னால் லாரி இடித்து நசுங்கிய ஒரு கார் அங்கே கிடந்தது. இதே மாதிரிக் கார். அதன் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ஓடவிட்டு அரைமணி நேரம் பக்கத்தில் நின்று கேட்டார். பிறகு கழற்றச் சொல்லி, லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

பட்டறையில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணாச்சி, நீங்களே போடுங்க."

"நானா?"

"நீங்கதான்."

ஆவுடையப்பன் அதுவரை தனியாக ஓர் இஞ்சினை மாற்றியதில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

மூன்று நாள் வேலை. கழற்றிய ஒவ்வொன்றையும் சாக்கு விரித்து வரிசையாக வைத்தார். எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டுக்கொண்டார். செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இஞ்சினை மெல்ல உள்ளே இறக்கினார். காரில் இஞ்சின் நேரடியாக உட்காருவதில்லை. மூன்று இடத்தில் ரப்பர் வைத்த தாங்கிகள் உண்டு. அவற்றின் மேல் உட்காரும். மவுண்டிங் என்பார்கள். முதல் மவுண்டிங்கில் போல்ட்டைப் போட்டார், முழுக்க முறுக்கினார். இரண்டாவதில் போட்டார், முழுக்க முறுக்கினார். ஸ்பேனரின் வாலில் இரண்டடி பைப்பைச் செருகி, உடம்பின் கனத்தையே அதில் போட்டு முறுக்குவது அவர் பழக்கம்.

மூன்றாவது மவுண்டிங்கில் துளை நேருக்கு நேர் வரவில்லை. அரை விரல் தள்ளியிருந்தது. கடப்பாரையை வைத்து நெம்பினார். துளை வந்தது. போல்ட்டைப் போட்டார், பைப்பைச் செருகி முறுக்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பினார். முதல் தடவையிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் மகிழ்ச்சி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உள்ளே கண்ணாடி நடுங்கியது. கதவு அதிர்ந்தது. ஷம்ஷாத் போட்டிருந்த பலகையில் கையை வைத்தார். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஏறியது.

மேஸ்திரி வந்து ஜன்னல் பக்கம் நின்றார்.

"என்ன தப்பு பண்ணினேன் மேஸ்திரி?"

 மேஸ்திரி மேசை மேல் கிடந்த பழைய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து அவர் கையில் கொடுத்தார். காரின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"சைலன்சர் வாயில பிடிங்க."

பிடித்தார். புகை தாளைப் படபடவென்று வெளியே தள்ளியது.

"என்ன தெரியுது?"

"தள்ளுது."

"உள்ள இழுக்குதா?"

"இழுக்கல. ஒரே மாதிரி தள்ளுது."

"சரி" என்றார் மேஸ்திரி. போய்க் கை கழுவிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் புகை விட்டு விட்டு வரும், தாளை நடுவில் உள்ளே இழுக்கும். அது ஆவுடையப்பனுக்கும் தெரியும். ஆனாலும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றே நினைத்தார்.

வியாழக்கிழமை நான்கு பிளக்கையும் மாற்றினார். காற்று போகும் குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கார் அப்படியே நடுங்கியது.

மத்தியானம் ஷம்ஷாத் ஆட்டோவில் வந்தாள். வாப்பாவையும் பின் சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்துக் கூட்டி வந்திருந்தாள். "புது இஞ்சின் போட்டாச்சுன்னதும் நான் பாக்கணும்னு ஒரே பிடிவாதம் அண்ணாச்சி" என்றாள். இருவரும் சேர்ந்து அவரைத் தாங்கிப் பலகையில் படுக்கவைத்தார்கள். மெலிந்த மனிதர். வெள்ளைத் தாடி. இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருந்தார்.

ஆவுடையப்பன் ஓட்டினார். ரயில்வே கேட் வரைதான் போனார்கள். கேட் மூடியிருந்தது. வண்டி நின்று நடுங்கியது. காதர் மைதீன் கண்ணை மூடிக்கொண்டார். பலகையின் ஓரத்தை அவர் விரல்கள் பற்றியிருந்தன. நகமெல்லாம் வெளுத்திருந்தது.

"வாப்பா, வலிக்குதா?"

"பரவாயில்லம்மா."

இஞ்சினை ஆவுடையப்பன் அணைத்துவிட்டார். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

பட்டறைக்கு வந்து இறங்கும்போது ஷம்ஷாத் மெதுவாகச் சொன்னாள்.

"வாப்பா, ஞாயித்துக்கிழமைக்கு ஆம்புலன்ஸ் சொல்லிருவோம்."

"கல்யாண வீட்டுக்கு ஆம்புலன்ஸ்லயா?" என்றார் அவர். "அந்தப் பிள்ள மனசு என்னத்துக்கு ஆகும்? நான் வரல. நீ மட்டும் போய்ட்டு வா."

அதைச் சொல்லிவிட்டு அவர் ஆவுடையப்பனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை ஆவுடையப்பனால் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேஸ்திரியிடம் போனார்.

"மதுரை இஞ்சின்ல ஏதோ கோளாறு இருக்கு மேஸ்திரி."

மேஸ்திரி எழுந்து வந்தார். பிளக்குக்குப் போகும் ஒயர்களைக் காட்டினார்.

"ஓடவிட்டு ஒண்ணு ஒண்ணாக் கழட்டுங்க."

ரப்பர் பிடி போட்ட குறடால் முதல் ஒயரைக் கழற்றினார். இஞ்சின் தொய்ந்தது. மாட்டினார். தேறியது. இரண்டாவது. தொய்ந்தது. மூன்றாவது, நான்காவது, எல்லாம் அப்படித்தான்.

"எத்தனை வேலை செய்யுது?"

"நாலும்."

"அப்ப இஞ்சின் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆடுதே!"

"எது ஆடுது?"

"வண்டி."

"இஞ்சினா?"

"ரெண்டும் ஒண்ணுதான மேஸ்திரி?"

 வாசலில் யாரோ மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் மேஸ்திரி வந்தபோது, ஆவுடையப்பன் இஞ்சின் தண்ணீரை வடிக்க வாளி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பேனர்களை எடுத்து வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"ஹெட்டைக் கழட்டப் போறேன். உள்ள பாத்தாத்தான் தெரியும்."

"கழட்டினா நாளைக்குள்ள மாட்ட முடியுமா?"

"முடியாது."

"அப்புறம்?"

ஆவுடையப்பன் வாளியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியல மேஸ்திரி. மூணு நாளா தேடிட்டேன். என் கைக்கு இது வராது. நீங்களே பாருங்க. நான் திங்கக்கிழமையில இருந்து வரல."

மேஸ்திரி வாளியைக் காலால் தள்ளி வைத்தார்.

"அந்த பாய்கிட்ட கேட்டீங்களா?"

"எதை?"

"வண்டி எப்படி ஆடுதுன்னு."

"அவரு கண்டக்டர் மேஸ்திரி. அவருக்கு என்ன தெரியும்?"

"வண்டி யாருக்கு ஆடுது?"

ஆவுடையப்பன் எழுந்தார். ஸ்பேனர்களைப் பையில் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காதர் மைதீன் வீட்டு ஜன்னலோரம் படுத்திருந்தார். ஆவுடையப்பன் கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வண்டில வந்தீங்கல்ல, அது எப்படி இருந்துச்சு?"

காதர் மைதீன் முகம் மாறியது. இந்த எட்டு மாதத்தில் வலிக்கிறதா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

"இஞ்சின் சுத்தமா ஓடுது தம்பி" என்றார். "நான் முப்பத்தோரு வருஷம் டிரைவர் பக்கத்துல இஞ்சின் பெட்டி மேல கைய வச்சிக்கிட்டுப் போனவன். சத்தம் ஒழுங்கா இருக்கு. ஆனா பலகைல நிக்காம வந்துக்கிட்டே இருக்கு. முதுகுல ஆணிய வச்சி மெதுவாத் தட்டற மாதிரி."

"நிக்காமலா?"

"வண்டி நின்னா அதிகம். ஓடினா கொஞ்சம் கம்மி." யோசித்தார். "ஒண்ணு இருக்கு. சொன்னா சிரிப்பீங்க."

"சொல்லுங்க பாய்."

"வலப்பக்கம் திரும்புதீங்கல்ல, அப்ப நின்னுருது. ரயில்வே ரோட்டுல திரும்பினப்ப அப்பாடான்னு இருந்துச்சு. நேரா வந்ததும் மறுபடி பிடிச்சிக்கிட்டு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"இப்ப என்கூட வாரீங்களா? வலிக்கும். ஆனா கொஞ்ச நேரந்தான்."

"ஷம்ஷாத்!" என்று கூப்பிட்டார் காதர் மைதீன். "என் செருப்ப எடு."

ஷம்ஷாத் ஓட்டினாள். ஆவுடையப்பன் பின் சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். ரோட்டைப் பார்க்கவில்லை. பலகையைப் பற்றியிருந்த காதர் மைதீனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராகப் போகும்போது விரல்கள் இறுகியிருந்தன. இடப்பக்கம் திரும்பினாள். இன்னும் இறுகின. வலப்பக்கம் ஒரு திருப்பம் வந்தது.

"இப்ப" என்றார் காதர் மைதீன்.

விரல்கள் பிரிந்திருந்தன.

ஊர்க்கோடியில் ஒரு பெரிய மைதானம். நடுவில் தண்ணீர்த் தொட்டி.

"இதைச் சுத்துங்கம்மா. வலப்பக்கமாவே சுத்துங்க" என்றார் ஆவுடையப்பன்.

ஷம்ஷாத் தொட்டியை வலமாகச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கம்பை ஊன்றி நின்று பார்த்தார். காரில் நடுக்கமே இல்லை. கண்ணாடிகூட அசையவில்லை. காதர் மைதீன் வாய்விட்டுச் சிரித்தார்.

"கடையநல்லூர் வரைக்கும் இப்படியே போயிருவோமா?"

நான்காவது சுற்றில் ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. வண்டிக்குள் இருக்கும் எல்லாமே இடது பக்கம் சாய்கிறது. இஞ்சினும் சாய்கிறது. சாய்ந்தால் நிம்மதியாக இருக்கிறது. அப்படியென்றால் நேராகப் போகும்போது அதை யாரோ வலது பக்கம் பிடித்து இழுத்து வைத்திருக்கிறார்கள்.

வலது பக்கத்தில் இருந்தது, அவர் கடப்பாரையால் நெம்பிப் போட்ட மூன்றாவது மவுண்டிங்.

"பட்டறைக்கு விடுங்கம்மா" என்றார்.

மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். ஆவுடையப்பன் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்.

"வலப்பக்கம் திரும்பினா ஆட்டம் நின்னுருது மேஸ்திரி. இஞ்சின் நேரா உக்காரல. வலது மவுண்டிங் அதைப் பிடிச்சு இழுக்குது. ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்குது. அதான் இஞ்சினோட அதிர்வை ரப்பர் வாங்காம அப்படியே பாடிக்குக் குடுக்குது."

மேஸ்திரி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஷம்ஷாத்திடம் காரைப் பள்ளத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"வாப்பாவ இறக்கணுமா அக்கா?"

"நான் இறங்கல" என்றார் காதர் மைதீன் உள்ளேயிருந்து. "இங்கயே இருக்கேன். என்ன செய்யப் போறீங்கன்னு பாக்கணும்."

ஆவுடையப்பன் ஸ்பேனரோடு பள்ளத்தில் இறங்கினார். வலது மவுண்டிங்கின் போல்ட்டைப் பிடித்தார்.

"மூணையும் தளத்துங்க" என்றது மேலேயிருந்து மேஸ்திரியின் குரல்.

"மூணையுமா? வலது மட்டும் போதாதா?"

"மூணையும்."

ஆவுடையப்பனின் கை நின்றது.

அவர் பட்டறைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு ஷேர் ஆட்டோவுக்குச் சக்கரம் மாட்டினார். மூன்று நட்டை லேசாகப் போட்டு வைத்தார். யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து ஜாக்கியை இறக்கி அனுப்பிவிட்டார். கழுகுமலைக்குப் பக்கத்தில் சக்கரம் கழன்று ஓடியது. உயிர் யாருக்கும் போகவில்லை. ஓட்டியவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதிலிருந்து எதையும் லேசாகப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக அவருக்குத் துணிவில்லை. ஒன்றைப் போட்டால் அங்கேயே, அப்போதே, பைப்பைச் செருகி முழுக்க முறுக்கிவிட்டுத்தான் மறு வேலை. பைப் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

அதனால்தான் மூன்றாவது துளை வரவில்லை. முதல் இரண்டையும் முழுக்க இறுக்கியிருந்தார். இஞ்சின் நகர வழியில்லாமல் போய்விட்டது.

"மேஸ்திரி" என்றார் பள்ளத்திலிருந்து.  "மூணையும் தளத்திட்டு, ஒண்ண மறந்துட்டேன்னா?"

மேஸ்திரி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

"மறந்தா நான் கேப்பேன்" என்றார்.

ஆவுடையப்பன் தளர்த்தினார். அவரே பைப் போட்டு இறுக்கியவை. அசைய மறுத்தன. வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவது போல்ட் தளர்ந்தபோது, பூட்டு ஒன்று திறந்ததுபோல் டக்கென்று ஒரு சத்தம். இஞ்சின் ஒரு நெல் அளவு இடது பக்கம் நகர்ந்தது. கெட்டியாகப் பிடித்திருந்த போல்ட் இப்போது விரலால் சுற்றினாலே சுற்றியது.

"கழலல இல்ல?"

"இல்ல. எல்லாம் துளைக்குள்ளதான் இருக்கு. லேசா நிக்குது."

"ஸ்டார்ட் பண்ணும்மா" என்றார் மேஸ்திரி ஷம்ஷாத்திடம்.

இஞ்சின் ஓடியது. முதலில் தடதடவென்று ஆடியது. ஆவுடையப்பன் கீழேயிருந்து இரண்டு கையையும் உயர்த்தினார், விழுந்தால் பிடித்துக்கொள்வதுபோல. அது விழவில்லை. இரண்டு முறை குலுங்கிற்று. கொஞ்சம் இடம் பார்த்துக்கொண்டது. பிறகு அமைதியாகிவிட்டது.



"ஷம்ஷாத்" என்றார் காதர் மைதீன். "ஏம்மா அணைச்சிட்ட? ஓடவிடு."

"ஓடிக்கிட்டுத்தான் இருக்கு வாப்பா."

அவர் பலகையில் கையை விரித்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

ஷம்ஷாத் இஞ்சினை அணைத்தாள். ஆவுடையப்பன் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்றையும் மாறி மாறி. பைப்பைத் தேடிக் கை போனது. எடுக்கவில்லை.

"முதல்?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆச்சு."

"ரெண்டு?"

"ஆச்சு."

"மூணு?"

ஆவுடையப்பன் மூன்றாவதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

"ஆச்சு மேஸ்திரி."

மறுபடி ஓடவிட்டார்கள். சற்றும் நடுக்கமில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆவுடையப்பன் வழக்கமான நேரத்துக்கு வந்து பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி எதுவும் கேட்கவில்லை. டீ வந்தது. குடித்தார்கள்.

பத்து மணிக்கு ஷம்ஷாத் காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டப்பா. கல்யாண வீட்டு இனிப்பு, வட்டிலாப்பம்.

"வாப்பா நாலு மணி வரைக்கும் இருந்தாங்க அக்கா. கார மண்டபத்து வாசல் வரைக்கும் விட்டாங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் காருக்கே வந்து பலகையிலயே பக்கத்துல உக்காந்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க." அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "வரும்போது வாப்பா தூங்கிட்டாங்க. எட்டு மாசத்துல காருல தூங்கினது இதான் மொதத் தடவ. வீடு வந்ததும் எழுப்ப மனசு வரல. தெருவ இன்னொரு தரம் சுத்தி வந்தேன்."

ஆவுடையப்பனிடம் டப்பாவைக் கொடுத்தாள்.

"இது உங்களுக்குன்னு தனியாக் குடுத்தாங்க அண்ணாச்சி. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி போகும்போது நீங்களும் கூட வரணுமாம். சும்மா, பேசிக்கிட்டுப் போறதுக்கு."

அவள் போன பிறகு ஆவுடையப்பன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். மேஸ்திரி ஒரு வேனின் பானெட்டுக்கு அடியில் குனிந்திருந்தார்.

"மேஸ்திரி."

"ம்."

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"மொத நாளே பேப்பர் பிடிக்கச் சொன்னீங்க. அடுத்து ஒயரக் கழட்டச் சொன்னீங்க. அப்பவே உங்களுக்கு மவுண்டிங்னு தெரிஞ்சிருக்கும். நான் மூணு நாளு கெடந்து அல்லாடினேன். வேலையவே விட்டுட்டுப் போறேன்னு சொன்னேன். அப்பவும் நீங்க வாயத் திறக்கல. நானே கத்துக்கணும்னுதான சொல்லாம இருந்தீங்க?"

மேஸ்திரி நிமிர்ந்தார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார்.

"இஞ்சின் நல்லா இருக்குன்னு தெரியும். அது மதுரையிலயே தெரியும். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

ஆவுடையப்பன் டப்பாவை மேசை மேல் வைத்தார்.

"தெரிஞ்சிருந்தா" என்றார் மேஸ்திரி, "உங்கள எதுக்கு அவருகிட்ட அனுப்பறேன்?"